பிரஸ்டன் ஸ்டர்ஜஸ்: நகைச்சுவைத் திரைக்கதையாசிரியரின் வாழ்க்கையும் பணியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரஸ்டன் ஸ்டர்ஜஸ் யார்?

1930-களிலும் 1940-களிலும் ஹாலிவுட்டில் நகைச்சுவைப் படங்களுக்கு எழுதிய அமெரிக்கத் திரைக்கதையாசிரியர். 1898 ஆகஸ்ட் 29 அன்று சிகாகோவில் பிறந்தார். 1959 ஆகஸ்ட் 6 அன்று நியூயார்க்கில் மறைந்தார். எழுதுவது ஒருவர், இயக்குவது இன்னொருவர் என்று வேலை பிரிந்துகிடந்த ஸ்டூடியோக் காலத்தில், தான் எழுதியதைத் தானே இயக்குவேன் என்று கேட்டு வாங்கியவர் அவர். 1940 முதல் 1944 வரை பாரமவுண்ட் நிறுவனத்துக்காக அவர் எழுதி இயக்கிய படங்கள் எட்டு. அவற்றில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே நகைச்சுவைப் படங்கள். இத்தனை குறுகிய காலத்தில், இத்தனை சிறந்த நகைச்சுவைப் படங்களை ஒரே கை எழுதியதற்கு இணையாக இன்னொன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அவருடைய இளமைக் காலம் எப்படிப்பட்டது?

அவருக்கு இட்ட பெயர் எட்மண்ட் பிரஸ்டன் பைடன். தாய் மேரி, கணவரைப் பிரிந்து கைக்குழந்தையோடு பாரிஸுக்குப் போனவர். அங்கே நடனக் கலைஞர் இசடோரா டங்கனின் நெருங்கிய தோழியானார். பின்னர் மேரி மணந்துகொண்ட சிகாகோ பங்குத் தரகர் சாலமன் ஸ்டர்ஜஸ், சிறுவனைத் தத்தெடுத்துத் தன் பெயரைக் கொடுத்தார். அந்த மணமும் நீடிக்கவில்லை. ஆனால் பிரஸ்டன் தன் வாழ்நாள் முழுவதும் தந்தையாக மதித்தது அவரைத்தான்.

ஒரு பக்கம் கலையே வாழ்க்கை என்று ஊர் ஊராகச் சுற்றிய தாய், மறுபக்கம் கணக்கும் ஒழுங்குமாக வாழ்ந்த வளர்ப்புத் தந்தை. இந்த இருவருக்கும் நடுவே, ஐரோப்பியப் பள்ளிகளிலும் அமெரிக்கப் பள்ளிகளிலும் மாறி மாறிப் படித்து அவர் வளர்ந்தார். மேரி நடத்திய வாசனைப் பொருள் நிறுவனத்தின் டோவில் கடற்கரைக் கிளையை 1914 கோடையில் கவனித்துக்கொண்டபோது அவருக்குப் பதினாறு வயதுகூட நிரம்பவில்லை. அந்த ஆண்டே உலகப் போர் மூண்டதால் அமெரிக்கா திரும்பினார். பிறகு இராணுவத்தின் விமானப் பிரிவில் சேர்ந்து பயிற்சி பெற்றார். போர்முனைக்குப் போகும் முன்பே போர் முடிந்துவிட்டது. தாயின் தொழிலில் மீண்டும் இறங்கி, முத்தமிட்டாலும் ஒட்டாத உதட்டுச் சாயம் ஒன்றைத் தயாரித்தார். 1927-இல் நீஸ் நகரில் கார்ச் சக்கரத்தில் சிக்கி இசடோராவின் உயிரைப் பறித்த நீண்ட கழுத்துத் துணி, மேரி பரிசாகக் கொடுத்தது.

அவருடைய படங்களில் அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும் எந்தக் காரணமும் இல்லாமல் மனிதர்கள் தலையில் வந்து விழுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த இளமைக் காலம் நினைவுக்கு வரும். அவர் எழுதிய 'ஈஸி லிவிங்' படத்தில், பேருந்தின் திறந்த மேல்தளத்தில் உட்கார்ந்து வேலைக்குப் போகும் ஓர் ஏழைப் பெண்ணின் தலையில், பணக்காரர் ஒருவர் மனைவியோடு சண்டையிட்டு மாடியிலிருந்து வீசிய விலையுயர்ந்த ரோமக் கோட்டு வந்து விழுகிறது. கதை அங்கேதான் தொடங்குகிறது.

அவர் எழுத வந்தது எப்படி?

தாமதமாகத்தான் வந்தார். முப்பது வயதை நெருங்கும்வரை அவர் எதையும் முறையாக எழுதியதில்லை. 1927-இல் குடல்வால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு படுக்கையில் கிடந்த நாட்களில்தான் நாடகம் எழுதும் எண்ணம் வந்தது. 1929 செப்டம்பரில் நியூயார்க்கில் அரங்கேறிய 'ஸ்ட்ரிக்ட்லி டிஸ்ஆனரபிள்' என்ற நகைச்சுவை நாடகம் 557 காட்சிகள் ஓடியது. அரங்கேறிய அடுத்த மாதமே பங்குச் சந்தை சரிந்து நாடே கலங்கிப்போன நிலையிலும் அந்த நாடகத்துக்குக் கூட்டம் வந்துகொண்டே இருந்தது. அதற்கடுத்து எழுதிய மூன்று நாடகங்களும் தோற்றன. 1932-இல் அவர் ஹாலிவுட்டுக்குப் போனார்.

ஹாலிவுட்டில் அவருடைய தொடக்கம் எப்படி இருந்தது?

அந்நாளில் ஸ்டூடியோக்களில் திரைக்கதை என்பது பலர் கை மாறிச் செய்யும் வேலை. ஒருவர் கதை எழுதுவார், இன்னொருவர் காட்சி பிரிப்பார், மற்றொருவர் வசனத்துக்கு மெருகேற்றுவார். முந்தையவர் எழுதியதைப் பிந்தையவர் அடித்துத் திருத்துவது வழக்கமாகவே இருந்தது. ஸ்டர்ஜஸ் இந்த முறையை ஏற்கவில்லை. 'தி பவர் அண்ட் தி குளோரி' என்ற திரைக்கதையை யாரும் கேட்காமலே, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தானே எழுதி முடித்துத் தயாரிப்பாளர் ஜெஸ்ஸி லாஸ்கியிடம் கொடுத்தார். மாற்ற ஒன்றுமில்லை என்று லாஸ்கி அப்படியே ஏற்றார். முன்பணத்தோடு படத்தின் வசூலில் ஒரு பங்கையும் தர ஒப்புக்கொண்டார். ஓர் எழுத்தாளருக்கு வசூலில் பங்கு என்பது அன்று கேள்விப்படாத ஒன்று.

ஸ்பென்சர் டிரேசி நடித்து 1933-இல் வந்த அந்தப் படம், இறந்துபோன தொழிலதிபர் ஒருவரின் வாழ்க்கையைக் காலவரிசையைக் கலைத்துப்போட்டு ஒரு நண்பரின் குரலில் சொல்கிறது. எட்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த 'சிட்டிசன் கேன்' படத்துக்கு முன்னோடி என்று திரைப்பட வரலாற்றாசிரியர்கள் பலர் இதைக் குறிப்பிடுவது அதனால்தான். அது நகைச்சுவைப் படம் இல்லை. ஆனாலும் தன் எழுத்து தன்னுடையதாகவே திரைக்குப் போக முடியும் என்று அவருக்கு உறுதிப்படுத்தியது அந்தப் படம்தான்.

அதன்பின் சம்பளத்துக்கு எழுதிய ஆண்டுகளில் 'தி குட் ஃபெய்ரி' (1935), 'ஈஸி லிவிங்' (1937), 'ரிமெம்பர் தி நைட்' (1940) போன்றவை வந்தன. கடைசி இரண்டையும் இயக்கிய மிட்செல் லைசன் திறமையானவர். ஆனால் தனக்கு நீளமாகத் தோன்றிய பேச்சுகளை வெட்டிவிடுவார். வெட்டப்பட்ட அந்தப் பேச்சுகளில்தான் தன் நகைச்சுவை இருக்கிறது என்று ஸ்டர்ஜஸ் நம்பினார்.

பத்து டாலருக்குத் திரைக்கதையை விற்றார் என்பது உண்மையா?

உண்மைதான். ஊழல் அரசியலில் ஏறி இறங்கும் நாடோடி ஒருவனின் கதையை அவர் பல ஆண்டுகள் கையில் வைத்திருந்தார். அந்தத் திரைக்கதையைப் பாரமவுண்டுக்குப் பத்து டாலருக்குக் கொடுத்தார். நான்தான் இயக்குவேன் என்பது மட்டுமே நிபந்தனை. அப்போது அவர் ஹாலிவுட்டில் அதிகம் சம்பாதித்த எழுத்தாளர்களில் ஒருவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால்தான், அவர் எதை விட்டுக்கொடுத்து எதை வாங்கினார் என்பது புரியும்.

'தி கிரேட் மெக்கின்டி' என்ற பெயரில் 1940-இல் வந்த அந்தப் படத்தில், ஓட்டுக்கு இரண்டு டாலர் என்று பேசிக்கொண்டு ஒரே நாளில் முப்பத்தேழு முறை கள்ள ஓட்டுப் போடும் நாடோடி, அந்தத் திறமையாலேயே மேயராகவும் ஆளுநராகவும் உயர்கிறான். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை நேர்மையாக நடக்க முயன்றபோது எல்லாவற்றையும் இழக்கிறான். மூலத் திரைக்கதைக்கென்று ஆஸ்கர் விருதில் தனிப் பிரிவு தொடங்கிய முதல் ஆண்டில், அந்த விருது இந்தப் படத்துக்குக் கிடைத்தது. எழுத்தாளர்களாக இருந்த ஜான் ஹூஸ்டனும் பில்லி வைல்டரும் அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்குள் ஹாலிவுட்டில் இயக்குநர்களாக முடிந்ததற்கு, இந்தப் பத்து டாலர் திறந்துவிட்ட கதவும் ஒரு காரணம்.

அவருடைய வசனத்தில் அப்படி என்ன தனிச்சிறப்பு?

நம் படங்களில் நெடுங்காலம் கதை ஒரு பக்கமும் காமெடி டிராக் இன்னொரு பக்கமுமாக ஓடி வந்தன. பல படங்களில் அந்தப் பகுதியை எழுதியவரே வேறொருவராக இருப்பார். ஸ்டர்ஜஸ் எழுத்தில் அப்படிப் பிரித்து எடுக்க எதுவும் கிடைக்காது. காதலும், பசியும், ஏமாற்றும், ஏழ்மையும் எந்த வாக்கியத்தில் இருக்கின்றனவோ அதே வாக்கியத்தில்தான் சிரிப்பும் இருக்கும்.

அவருடைய பாத்திரங்கள் யாரும் சிரிக்கவைக்கப் பேசுவதில்லை. ஒவ்வொருவரும் தன் நியாயத்தை முழு மூச்சோடு, மிகுந்த அக்கறையோடு பேசுகிறார்கள். 'கிறிஸ்மஸ் இன் ஜூலை' படத்தில் காப்பித்தூள் நிறுவனம் ஒன்று விளம்பர வாசகப் போட்டி நடத்துகிறது. பரிசு 25,000 டாலர். கதாநாயகன் எழுதி அனுப்பிய வாசகத்தை அவனைத் தவிர யாராலும் புரிந்துகொள்ள முடியவில்லை. படம் முழுக்க அவன் அதை ஒவ்வொருவருக்கும் பொறுமையாக விளக்கிக்கொண்டே இருக்கிறான். உடன் வேலை செய்பவர்கள் விளையாட்டாக அனுப்பிய பொய்த் தந்தியை நம்பி, பரிசு கிடைத்துவிட்டதாகத் தெரு முழுவதற்கும் பொருள்களை வாங்கிக் குவிக்கிறான். இதற்கிடையே நடுவர் குழு நாள்கணக்காக முடிவெடுக்க முடியாமல் அடைந்து கிடக்கிறது. காரணம், பில்டாக்கர் என்ற ஒரே ஒரு உறுப்பினர் மற்ற எல்லோரோடும் ஒத்துப்போக மறுக்கிறார். படம் முடியும் வேளையில் அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, தன் பிடிவாதம் வென்றுவிட்டது என்று முழங்குகிறார். அவர் பிடிவாதமாக நின்றது நம் கதாநாயகனின் வாசகத்துக்காகத்தான். சில நிமிடங்களே வரும் அந்த மனிதருக்கும் ஒரு நம்பிக்கை, ஒரு கோபம், ஒரு வெற்றி என்று முழு வாழ்க்கையே எழுதப்பட்டிருக்கிறது.

எழுத்தும் காட்சியும் சேர்ந்து வேலை செய்வதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்ல முடியுமா?

1941-இல் வந்த 'தி லேடி ஈவ்' படத்தின் கப்பல் உணவுக்கூடக் காட்சியைச் சொல்லலாம். ஹென்றி ஃபோண்டா நடித்த சார்லஸ், பீர் ஆலை முதலாளியின் ஒரே வாரிசு. அமேசான் காடுகளில் பாம்பு தேடிவிட்டுத் திரும்புகிறான். 'பாம்புகள் அவசியமா?' என்ற புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுகிறான். கூடத்தில் உள்ள பெண்கள் எல்லோருடைய கண்ணும் அவன்மேல். சற்றுத் தள்ளி, பார்பரா ஸ்டான்விக் நடித்த ஜீன் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். சீட்டாட்டத்தில் ஏமாற்றிப் பிழைக்கும் தந்தையின் மகள்.

அவள் கைப்பையிலிருந்து சிறிய முகக் கண்ணாடியை எடுத்து உயர்த்துகிறாள். கண்ணாடியின் சட்டத்துக்குள் கூடம் முழுவதும் தெரிகிறது. ஒவ்வொரு பெண்ணாக அவனை நெருங்கப் பார்ப்பதை அவள் தந்தைக்கு விவரித்துக்கொண்டே போகிறாள். கைக்குட்டையைக் கீழே போடுபவள், பழைய பள்ளித் தோழனோ என்று ஐயப்படுவதுபோல் வருபவள் என்று எல்லோருக்கும் அவளே குரல் கொடுக்கிறாள், அவன் மனத்தில் ஓடுவதையும் அவளே பேசுகிறாள். காட்சியை எழுதுவதும் இயக்குவதும் பின்னணி பேசுவதும் அவளேதான். கடைசியில் அவன் எழுந்து அவள் மேசையைக் கடக்கும்போது, காலை மெல்ல நீட்டுகிறாள். அவன் குப்புற விழுகிறான். தன் செருப்புக் குதிகாலை உடைத்துவிட்டதாக அவனையே கடிந்துகொண்டு, அவன் கையைப் பிடித்து வெளியே நடத்திப் போகிறாள்.

இதைக் காகிதத்தில் படித்தால் ஒரு பெண்ணின் நீண்ட பேச்சு மட்டுமே தெரியும். வேறு இயக்குநர் கையில் போயிருந்தால் பாதிப் பேச்சு வெட்டப்பட்டிருக்கும். எழுதியவரே கேமராவின் பக்கத்தில் நின்றதால்தான், பேச்சு முழுவதையும் அந்தச் சிறு கண்ணாடிக்குள் வைத்துக் காட்ட முடிந்தது.

அவர் எழுதும் முறை எப்படிப்பட்டது?

பெரும்பாலும் பேசியே எழுதினார். அறைக்குள் நடந்துகொண்டே ஒவ்வொரு பாத்திரமாக நடித்துக் காட்டுவார். செயலாளர் தட்டச்சு செய்துகொள்வார். இரவில் வெகுநேரம்வரை இது நடக்கும். வாயில் பிறந்த வசனங்கள் என்பதால்தான் அவற்றை நடிகர்களால் அத்தனை வேகத்தில் இடறாமல் பேச முடிந்தது என்பது என் கருத்து.

ஒரே துணை நடிகர்கள் எல்லாப் படங்களிலும் வருவது ஏன்?

அவர் மனமறிந்து செய்தது அது. வில்லியம் டெமரெஸ்ட் பாரமவுண்டில் வந்த எட்டுப் படங்களிலும் இருக்கிறார். ஜிம்மி கான்லின், ஃபிராங்க்ளின் பாங்போர்ன், ராபர்ட் கிரெய்க், ராபர்ட் வார்விக் ஆகியோரும் திரும்பத் திரும்ப வருகிறார்கள். அதே முகங்களை விட்டுப் புதியவர்களைப் போடும்படி நிறுவனம் சொன்னது. தன் முதல் படங்களின் வெற்றிக்கு உழைத்தவர்களுக்கு அடுத்த படங்களில் வேலை பெறும் தார்மிக உரிமை உண்டு என்பது அவருடைய பதில். நம் கம்பெனி நாடகங்களைப் பற்றிப் படித்தவர்களுக்கு இந்த உறவு எளிதில் விளங்கும். யாருடைய குரல் எங்கே உயரும், யாருடைய முகம் எங்கே சுருங்கும் என்று தெரிந்தே எழுதியவர் அவர்.

தணிக்கையை அவர் எப்படிச் சமாளித்தார்?

'தி மிராக்கிள் ஆஃப் மார்கன்ஸ் கிரீக்' படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. போருக்குப் புறப்படும் வீரர்களின் வழியனுப்பு விருந்துக்குப் போன டிரூடி என்ற பெண், மறுநாள் காலையில் விழிக்கும்போது கையில் மோதிரம் இருக்கிறது. யாரையோ மணந்துகொண்ட நினைவும் மங்கலாக இருக்கிறது. அவன் பெயரும் முகமும் நினைவில் இல்லை. பின்னர் அவள் கருவுற்றிருப்பது தெரிகிறது. திருமண உறவுக்கு வெளியே எதையும் காட்டக் கூடாது என்று விதித்த தணிக்கைக் குழு கோலோச்சிய காலத்தில், அதுவும் போர் நடக்கும்போது, இப்படி ஒரு கதையை எடுக்க அவர் துணிந்தார். பல பகுதிகள் மறுக்கப்பட்டன, மாற்றி எழுதப்பட்டன. திருமணம் நடந்தது என்று வசனத்தில் உறுதியாகச் சொல்லி, நடந்ததற்கான சான்று ஒன்றும் இல்லாமல் கதையை நகர்த்தியதுதான் அவர் கண்ட வழி. முடிவில் அவளுக்கு ஒரே பிரசவத்தில் ஆறு ஆண் குழந்தைகள் பிறக்க, உலகமே கொண்டாடுகிறது. 1942-இல் படப்பிடிப்புத் தொடங்கிய படம் 1944 தொடக்கத்தில்தான் வெளிவந்தது. வந்ததும் மாபெரும் வெற்றி பெற்றது.

அதே ஆண்டு வந்த 'ஹெயில் தி கான்கரிங் ஹீரோ' இன்னும் துணிச்சலானது. ஒவ்வாமை நோயால் படையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட இளைஞனை ஊரார் போர் வீரன் என்று நம்பி, மேயர் பதவிக்கே நிறுத்துகிறார்கள். இந்த இரண்டு திரைக்கதைகளும் ஒரே ஆண்டில் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டன. விருது வேறொரு படத்துக்குப் போனது.

'சல்லிவன்ஸ் டிராவல்ஸ்' நகைச்சுவைக்காக அவர் எழுதிய வாதமா?

பொதுவாக அப்படித்தான் சொல்கிறார்கள். நகைச்சுவைப் படங்களால் புகழ்பெற்ற இயக்குநர் சல்லிவன், இனி மக்களின் துன்பத்தைப் படமாக்கப் போகிறேன் என்று கந்தல் உடுத்தி ஊரைச் சுற்றக் கிளம்புகிறார். கடைசியில் உண்மையிலேயே கைதியாகி, சங்கிலியோடு வேலை வாங்கப்படும் முகாமில் சிக்குகிறார். கறுப்பின மக்களின் சிறிய தேவாலயம் ஒன்றில், கைதிகளுக்கு நாய் புளூட்டோவின் கார்ட்டூன் படம் காட்டப்படுகிறது. எல்லோரும் சிரிக்க, தானும் சிரிப்பதை உணர்ந்து அவரே திகைக்கிறார்.

இந்தக் காட்சியை மட்டும் பிடித்துக்கொள்வது படத்தைப் பாதி பார்ப்பதாகும் என்று நான் நினைக்கிறேன். தொடக்கத்தில் சல்லிவன் கந்தல் உடையைப் போட்டுப் பார்க்கும்போது, ராபர்ட் கிரெய்க் நடித்த வேலைக்காரர், ஏழ்மையை ஏழைகள் நன்கு அறிவார்கள், பணக்காரர்கள்தான் அதை அழகாக நினைத்துக்கொள்கிறார்கள் என்றும், அது கொள்ளைநோய்போல் விலகி நிற்க வேண்டிய ஒன்று என்றும் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொல்கிறார். படத்தின் நடுவே இரவுக் காப்பகங்களில் வீடற்றவர்கள் உறங்கும் காட்சிகள் வசனமே இல்லாமல் நீள்கின்றன. வசனத்தால் வாழ்ந்த எழுத்தாளர் அங்கே எல்லோரையும் மௌனமாக்கிவிட்டார்.

1944-க்குப் பிறகு அவருடைய வீழ்ச்சிக்குக் காரணம் என்ன?

கர்வம், குடி, ஊதாரித்தனம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால் வேறு காரணங்களும் தெரியும். மயக்க மருந்தாக ஈதரைப் பயன்படுத்திக் காட்டிய பல் மருத்துவர் மார்ட்டனைப் பற்றி அவர் எடுத்த 'தி கிரேட் மொமென்ட்' படத்தை, பாரமவுண்ட் அவர் விருப்பத்துக்கு மாறாக வெட்டி ஒட்டி வெளியிட்டது. அந்தப் பூசலின் நடுவே அவர் நிறுவனத்தை விட்டு விலகினார். பெரும் செல்வந்தர் ஹோவர்ட் ஹியூஸுடன் கூட்டுச் சேர்ந்து, மௌனப் பட நாயகர் ஹரால்ட் லாயிடைக் கதாநாயகனாக வைத்து எடுத்த படத்தையும், 1947-இல் வெளியான பிறகு ஹியூஸ் திரும்பப் பெற்று, வெட்டிச் சுருக்கி, வேறு பெயரில் 1950-இல் விட்டார். சுதந்திரம் தேடிப் போன இடத்தில் இருந்த சுதந்திரமும் போயிற்று. பத்து டாலருக்கு அவர் வாங்கியது எதுவோ, அதைத்தான் இழந்தார். தன் குரலை அறிந்த நடிகர் குழுவும் அதோடு சிதறியது.

ஆனாலும் 1948-இல் வந்த 'அன்ஃபெய்த்ஃபுல்லி யுவர்ஸ்' முதல் தரமான படம். மனைவிமேல் சந்தேகம் கொண்ட இசை நடத்துநர், கச்சேரியின் மூன்று இசைத்துண்டுகளின்போது மூன்று விதமாகப் பழிவாங்குவதாகவும் மன்னிப்பதாகவும் கற்பனை செய்கிறார். வீட்டுக்குப் போய் அதைச் செய்ய முயலும்போது நாற்காலி உடைகிறது, ஒலிப்பதிவுக் கருவி சொன்னபடி கேட்க மறுக்கிறது. அன்று படம் தோற்றது.

அவர் ஓர் உணவகமும் நடத்தினாராமே?

ஆம். சன்செட் சாலையில் 1940-இல் 'தி பிளேயர்ஸ்' என்ற உணவகத்தைத் தொடங்கினார். திரையுலகினர் கூடும் இடமாக அது விளங்கியது. அவர் சம்பாதித்ததில் பெரும் பகுதியை விழுங்கிவிட்டு 1953-இல் கைவிட்டுப் போனது.

கடைசிக் காலம் எப்படி இருந்தது?

1950-களில் பிரான்சில் வாழ்ந்தார். அங்கே 1955-இல் அவருடைய கடைசிப் படம் வெளிவந்தது. பிறகு நியூயார்க்கின் அல்கான்குவின் ஓட்டலில் தங்கித் தன் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் இறந்தார். 'என் மரணத்துக்கு இட்டுச்சென்ற நிகழ்வுகள்' என்பது அந்நூலுக்கு அவர் வைத்திருந்த தலைப்பு. அவருடைய மனைவி சாண்டி அந்தப் பக்கங்களைத் தொகுத்து, 1990-இல் நூலாக வெளியிட்டார்.

தமிழ்ப் பார்வையாளர்கள் எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்?

'தி லேடி ஈவ்' படத்திலிருந்து தொடங்குங்கள். அடுத்து 'சல்லிவன்ஸ் டிராவல்ஸ்', பிறகு 'தி பாம் பீச் ஸ்டோரி'. பேச்சு மிக வேகமாகப் போகும் என்பதால் சப்டைட்டில் இல்லாமல் பார்ப்பது கடினம். சப்டைட்டிலோடு பார்த்தால் கண் எழுத்திலேயே நின்றுவிடும். ஆகவே ஒவ்வொன்றையும் இரண்டு முறை பாருங்கள். இரண்டாம் முறை நாயகன் நாயகியை விட்டுவிட்டு, பின்னால் நிற்கும் ரயில் பணியாளர், ஓட்டல் மேலாளர், காது சரியாகக் கேட்காத கிழவர் ஆகியோரைக் கவனியுங்கள். 'தி பாம் பீச் ஸ்டோரி'யில் வாடகை கட்ட முடியாத பெண்ணுக்கு முன்பின் தெரியாமலே 700 டாலரை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகும் அந்த இறைச்சி வியாபாரக் கிழவர் திரையில் இருப்பது சில நிமிடங்கள்தான். அந்தப் படத்தைப் பற்றி யார் பேசத் தொடங்கினாலும் முதலில் அவரைத்தான் கேட்கிறார்கள்.